மாமாவின் நாடகக் கேசட்டுகளும் ஹைக்கூ போட்ட லேப்டாப்பும்

மாசிக் கடைசியில் அலங்காநல்லூர் போயிருந்தேன். சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வருவதற்குள் மாமா ஒரு லேப்டாப்பைத் துண்டில் சுற்றி எடுத்து வந்து திண்ணையில் வைத்துவிட்டார். “மாப்ள, இது டிக்கு டிக்குன்னு சத்தம் போடுது, நாடகம் ஒண்ணும் பாட மாட்டேங்குது, என்னான்னு பாரு.” அவர் மகன் பன்னிரண்டாம் வகுப்பில் வாங்கிய அரசு விலையில்லா மடிக்கணினி அது. 2 ஜிபி ராம், 320 ஜிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸும் பாஸ் லினக்ஸும் (இரண்டும் கணினியை இயக்கும் சிஸ்டங்கள்) சேர்த்துப் போட்டது. மகன் இப்போது சிங்கப்பூரில் இருக்கிறான், லேப்டாப் மட்டும் ஊரில் கிடக்கிறது. பேட்டரி எப்போதோ போய்விட்டது. சார்ஜரைப் பிடுங்கினால் அந்த நொடியே அணைந்துவிடும். அதில் ஹைக்கூ என்கிற, அதிகம் பேருக்குத் தெரியாத சிஸ்டத்தைப் போட்ட கதை இது.

மாமா முப்பது வருஷம் மைக் செட் வைத்திருந்தவர். ராத்திரி பத்து மணிக்கு ஆரம்பித்து விடிய விடிய நடக்கும் ஸ்பெஷல் நாடகத்துக்கு மைக் கட்டுகிற ஆள் தூங்கவும் முடியாது, எழுந்து போகவும் முடியாது. சும்மா உட்கார்ந்திருப்பானேன் என்று ஆம்ப்ளிஃபயரிலிருந்து ஒரு ஒயரை இழுத்து டேப் டெக்கில் கொடுத்து ரெக்கார்ட் பண்ணிக்கொண்டே இருந்திருக்கிறார். தொண்ணூறு நிமிஷக் கேசட்டில் ஒரு ராத்திரிக்கு நாலைந்து போகும். தகர டிரங்குப் பெட்டி நிறைய இருந்த அந்தக் கேசட்டுகளை மகன் ஒரு லீவில் உட்கார்ந்து எம்பி3 ஆக்கினான். பக்கத்துக்கு ஒன்றாக 214 ஃபைல். கணக்குப் போட்டால் சுமார் 24 ராத்திரி நாடகம், அத்தனையும் அந்த டிக்கு டிக்கு டிஸ்க்கில்.

அந்தச் சத்தம் கேட்டால் செய்ய வேண்டிய முதல் காரியம், மெஷினை மறுபடி ஆன் பண்ணாமல் இருப்பதுதான். ஒவ்வொரு முறை ஓட விடும்போதும் இன்னும் கொஞ்சம் போகும். கழற்றி மதுரைக்குக் கொண்டுவந்து, யு.எஸ்.பி. கேபிளில் மாட்டி, என் லினக்ஸ் மெஷினில் டிடிரெஸ்க்யூ ஓட்டினேன். படிக்க முடிகிற இடத்தையெல்லாம் முதலில் வேகமாக அள்ளிவிட்டு, முரண்டு பிடிக்கிற இடத்துக்குக் கடைசியில் திரும்பி வருகிற புத்திசாலி புரோகிராம் அது. ஒரு ராத்திரியும் மறுநாள் மத்தியானம் வரையும் ஓடியது. 211 ஃபைல் முழுசாக வந்தன. மூன்று போனது போனதுதான். பெட்டியில் கேசட் இருப்பதால் அழவில்லை.

டவுன்ஹால் ரோடு பக்கம் ஒரு கடையில் 240 ஜிபி எஸ்.எஸ்.டி. (சுழலாத, வேகமான டிஸ்க்), ஒரு சின்ன வட்ட பேட்டரி (தேதி தானாகப் பின்னோக்கிப் போய்விடுகிற வியாதிக்கு), ஒரு தெர்மல் பேஸ்ட் ட்யூப் வாங்கினேன். ஃபேனைக் கழற்றினால் உள்ளே தலையணைப் பஞ்சு மாதிரி தூசி. அதையெல்லாம் துடைத்து மாட்டியதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, எல்லா லேப்டாப்பும் ஒன்றுதான்.

இதில் எந்த சிஸ்டத்தைப் போடுவது என்பதில்தான் கதையே இருக்கிறது. யாராவது பழைய மெஷின் கொடுத்தால் ஏதாவது ஒரு லைட்டான லினக்ஸைப் போட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவேன், அரை மணி நேர வேலை. இதற்கும் அதுதான் நினைத்திருந்தேன். மாமாவிடம் “எப்படி அடுக்கி வைக்கணும் மாமா, சொல்லுங்க” என்று போனில் கேட்டது தப்பாகிவிட்டது.

ஸ்பெஷல் நாடகம் பார்த்தவர்களுக்குத் தெரியும், அதில் கம்பெனி என்று ஒன்று கிடையாது. ராஜபார்ட் ஒரு ஊர், ஸ்திரீபார்ட் இன்னொரு ஊர், பபூன் வேறு எங்கோ, ஆர்மோனியமும் மிருதங்கமும் தனி. ஆளாளுக்குத் தனித்தனியாக அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு அன்றைக்கு ராத்திரி மேடையில்தான் முகம் பார்ப்பார்கள். ஒத்திகை இல்லை. கதையும் பாட்டும் எல்லாருக்கும் மனப்பாடம், மீதி அங்கேயே நடக்கும். அப்படியென்றால் ஒரு ராத்திரி ரெக்கார்டிங்கை எந்த ஃபோல்டரில் வைப்பது? நாடகத்தின் பெயரில் என்றால் பாதிக்குப் பாதி வள்ளி திருமணம். ஊர் பெயரில் வைத்தால் மாமா பபூன் பெயரைச் சொல்லிக் கேட்கிறார். பபூன் பெயரில் வைத்தால் “அந்த ஆர்மோனியக்காரர் வாசிச்சதெல்லாம் ஒண்ணா எடு” என்கிறார். ஃபோல்டர் என்பது ஒரு பொருள் ஒரே இடத்தில்தான் இருக்கும் என்று நம்புகிற அலமாரி. மாமாவின் தலைக்குள் இருப்பது அலமாரி இல்லை.

அப்போதுதான் ஹைக்கூ ஞாபகம் வந்தது. ஐந்தாறு வருஷமாக ஒரு பென் டிரைவில் வைத்து அவ்வப்போது நோண்டுகிற சிஸ்டம். தெரியாதவர்களுக்கு: ஆப்பிளில் இருந்து வெளியே வந்த ழான் லூயி காசே 1990-ல் ஆரம்பித்த கம்பெனி ‘பி’. அவர்கள் செய்தது பிஓஎஸ். கம்பெனி ஓடவில்லை. 2001-ல் பாம் என்ற கையடக்கக் கணினிக் கம்பெனி அதன் சொத்துகளை வாங்கியது. அதே வருஷம் ரசிகர்கள் சேர்ந்து, அதை முதலிலிருந்து நாமே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தார்கள். 2004-ல் ஹைக்கூ என்று பெயர் மாற்றிக்கொண்டார்கள். 2018-ல் முதல் பீட்டா, 2024 செப்டம்பரில் ஐந்தாவது பீட்டா. இருபது வருஷத்துக்கு மேலாகியும் இன்னும் பீட்டா. சிரிக்கலாம், நானும் சிரித்திருக்கிறேன். ஆனால் இதன் ஃபைல் சிஸ்டத்தில் (டிஸ்க்கில் ஃபைல்களை அடுக்கி வைக்கும் முறை) ஒரு விஷயம் இருக்கிறது. எந்த ஃபைலுக்கும் எத்தனை சீட்டு வேண்டுமானாலும் ஒட்டலாம், அந்தச் சீட்டுகளைக் கணினியே அட்டவணை போட்டு வைத்துக்கொண்டு கேட்ட மாத்திரத்தில் எடுத்துத் தரும். தனி புரோகிராம் வேண்டாம், சிஸ்டத்தின் அடித்தளத்திலேயே இருக்கிறது. டொமினிக் ஜாம்பவோலோவும் சிரில் மெரியோனும் 1990-களின் நடுவில் செய்தது.

சரி, இறக்கினேன். பென் டிரைவில் எழுதி பூட் பண்ணினால் வரிசையாக ஐகான்கள் ஒவ்வொன்றாக ஒளிர்ந்து கடைசியில் ராக்கெட் எரிந்தது. அப்புறம் கும்மிருட்டு. மறுபடி ஆன் பண்ணி ஷிஃப்ட்டை அழுத்திப் பிடித்தால் ஒரு மெனு வரும், அதில் பாதுகாப்பான வீடியோ டிரைவரை (திரையோடு பேசுகிற புரோகிராம்) தேர்ந்தெடுத்தபின் திரை வந்தது, ஆனால் அளவு தப்பி அகலமாக இழுத்துக்கொண்டு. (இன்ஸ்டால் பண்ணி அப்டேட் போட்ட பிறகு சாதாரண டிரைவரே 1366-க்கு 768-ல் ஒழுங்காக எடுத்துக்கொண்டது, காரணம் ஆராயவில்லை.) வைஃபை முதல் முயற்சியிலேயே வேலை செய்தது. இந்த டிரைவர்களை ஹைக்கூக்காரர்கள் சொந்தமாக எழுதவில்லை. ஃப்ரீபிஎஸ்டி, ஓபன்பிஎஸ்டி என்ற வேறு இரண்டு சிஸ்டங்களிலிருந்தும் எடுத்து, நடுவில் ஒரு ஒட்டு அடுக்கு வைத்து ஓட்டுகிறார்கள். இது ரொம்ப சரி என்பது என் கட்சி. வைஃபை சிப்போடு பேசுவதில் யாருக்கும் தனித்துவம் தேவையில்லை.

டிஸ்க்கைப் பிரிக்கும்போது பார்ட்டிஷனை ‘ஆக்டிவ்’ (பூட் ஆக வேண்டிய பகுதி) என்று டிக் அடிக்க மறந்துவிட்டேன். இன்ஸ்டால் எல்லாம் ஐந்து நிமிஷத்தில் முடிந்து, ரீஸ்டார்ட் பண்ணினால் பூட் ஆகிற டிஸ்க்கே இல்லை என்கிறது. எஸ்.எஸ்.டி.யைத் திட்டி, கேபிளைத் திட்டி, ஒரு மணி நேரம் கழித்துத்தான் அந்த டிக் ஞாபகம் வந்தது. பழைய பயாஸ் மெஷினில் போடுகிறவர்கள் இதைக் கவனித்துக்கொள்ளவும்.

பூட் ஆனதும் கை செய்த முதல் வேலை கன்ட்ரோல் சி அழுத்தியது. ஒன்றும் ஆகவில்லை. இங்கே ஆல்ட் சி. எரிச்சலாகி செட்டிங்கில் போய் கன்ட்ரோலுக்கு மாற்றினேன், அதற்கு வழி வைத்திருக்கிறார்கள். இரண்டு நாள் கழித்து டெர்மினலில் (கட்டளைகளை டைப் அடிக்கிற ஜன்னல்) ஒரு வரியைக் காப்பி பண்ணப் போய், ஓடிக்கொண்டிருந்த வேலையைக் கொன்றுவிட்டேன். டெர்மினலில் கன்ட்ரோல் சி என்றால் நிறுத்து என்று அர்த்தம், ஹைக்கூவில் காப்பிக்கு ஆல்ட்டை வைத்திருப்பதால் இரண்டும் மோதாது. லினக்ஸ் மாதிரி சிஸ்டங்களில் டெர்மினலில் மட்டும் ஷிஃப்ட்டையும் சேர்த்து அழுத்தி அழுத்தி நமக்குப் பழகிப்போனதால், அது ஒரு தொல்லை என்பதே மறந்துவிட்டது. பழையபடி ஆல்ட்டுக்கே திருப்பிவிட்டேன். அப்போது தோன்றியது: ஒரு விஷயம் வேறு மாதிரி இருக்கிறது என்றால் அதை உடனே மாற்றிவிடக் கூடாது, இரண்டு நாள் வைத்திருந்து பார்க்க வேண்டும். சிலது வெறும் வீம்பாகத்தான் இருக்கும். சிலதுக்குப் பின்னால் யோசித்த ஆள் இருப்பார்.

இனி சீட்டு ஒட்டுகிற வேலை. செட்டிங்கில் ஃபைல் டைப்ஸ் என்று ஒன்று இருக்கிறது. அதில் எம்பி3 வகையைத் திறந்து, கூடுதல் அட்ரிபியூட்டுகளாக (நான் சீட்டு என்று சொன்னது இதைத்தான்) நாடகம், ஊர், வருஷம், ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன், ஆர்மோனியம், கேசட் நம்பர், பக்கம் என்று ஒன்பது சேர்த்தேன். ஒவ்வொன்றுக்கும் உள்பெயர் ஒன்று, எழுத்தா எண்ணா என்ற வகை, திருத்த அனுமதி உண்டா என்பது, அவ்வளவுதான் கேட்கிறது. சேமித்ததும் டிராக்கர் என்கிற ஃபைல் மேனேஜர் ஜன்னலில் அந்த ஒன்பதையும் பத்திகளாக வைத்துக்கொள்ள முடிகிறது. பெயர், அளவு, தேதி என்று வருகிற இடத்துக்குப் பக்கத்திலேயே பபூன், ஆர்மோனியம். கட்டத்தில் கிளிக் பண்ணி அங்கேயே டைப் அடிக்கலாம். கூகுள் ஷீட்டில் எழுதுகிற மாதிரிதான், ஆனால் எழுதுவது ஃபைலின் மேலேயே ஒட்டிக்கொள்கிறது. பெயரை மாற்றினாலும் வேறு ஃபோல்டருக்கு இழுத்துப் போட்டாலும் கூடவே போகும்.

மாமாவின் கேசட் அட்டைகளை மகன் அப்போதே போட்டோ எடுத்து வைத்திருந்தான், அது பெரிய புண்ணியம். இரண்டு ராத்திரி உட்கார்ந்து ஒரு 60 ஃபைலுக்கு ஏற்றிவிட்டு, தேடலைத் திறந்து ஒரு பபூன் பெயரைக் கொடுத்தேன். பூஜ்யம். இன்னொரு பெயர். அதுவும் பூஜ்யம். கண்ணெதிரே பத்தியில் பெயர் நிற்கிறது, தேடினால் இல்லை என்கிறது.

தப்பு என்னுடையது. அட்ரிபியூட் சேர்ப்பது வேறு, அதற்கு அட்டவணை போடச் சொல்வது வேறு. டெர்மினலில் மேக்இண்டெக்ஸ் கட்டளையால் ஒவ்வொரு உள்பெயருக்கும் அட்டவணையை முதலில் உருவாக்கிவிட வேண்டும், வருஷத்துக்கு எண் வகை என்று சொல்லி. அதற்குப் பிறகு எழுதுவது மட்டும்தான் அதில் ஏறும், முன்னால் எழுதியது ஏறாது. 60 ஃபைலையும் மறுபடி டைப் அடிக்க வேண்டுமா என்று தலையில் கை வைத்தேன். நல்லவேளை ரீஇண்டெக்ஸ் என்று ஒரு கட்டளை இருக்கிறது, பழைய ஃபைல்களை எடுத்து அட்டவணையில் திரும்ப ஏற்றிவிடுகிறது. ஒன்பது தடவை ஓட்டினேன். ஒவ்வொன்றும் கண் சிமிட்டுகிற நேரம்.

அதற்கப்புறம் தேடினால், என்ட்டர் அழுத்திய விரலை எடுப்பதற்குள் பட்டியல் வந்துவிடுகிறது. பாலமேடு, 1995-க்கு முன்னால், இந்த ஆர்மோனியக்காரர் என்று மூன்றையும் சேர்த்துக் கேட்கலாம். தேடலையே ஒரு ஃபைலாகச் சேமித்து டெஸ்க்டாப்பில் வைக்கலாம். அதைத் திறந்து வைத்துக்கொண்டு இன்னொரு ஜன்னலில் ஒரு ஃபைலின் ஊரைப் பாலமேடு என்று மாற்றினால், திறந்திருக்கும் தேடலில் அந்த ஃபைல் தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். ரிஃப்ரெஷ் கிடையாது. நான் இதை ஐந்தாறு முறை மாற்றி மாற்றிச் செய்து பார்த்தேன், வேலைக்கு வேண்டி இல்லை.

இந்த இடத்தில் ஒரு கிறுக்குத்தனம் செய்தேன். ஹைக்கூவோடு வருகிற மீடியா பிளேயர் ரொம்ப எளிமையானது. மாமாவுக்குக் கொஞ்சம் அழகாக இருக்கட்டும் என்று ஹைக்கூ டிப்போ என்கிற அதன் ஆப் கடையிலிருந்து லினக்ஸ் உலகத்துப் பாட்டு பிளேயர் ஒன்றை இறக்கினேன். நன்றாகவே ஓடியது. திறந்ததும் ‘உங்கள் இசைத் தொகுப்பு எங்கே இருக்கிறது’ என்று கேட்டது, காட்டினேன். எல்லாவற்றையும் படித்துத் தனக்கென்று ஒரு டேட்டாபேஸ் கட்டிக்கொண்டு 211 ஃபைலையும் ‘பெயர் தெரியாத கலைஞர்’ என்ற ஒரே தலைப்பின் கீழ் கொட்டியது. ஒன்பது பத்தியாக ஒட்டி வைத்த சீட்டு எதுவும் அதன் கண்ணுக்குத் தெரியவில்லை. அதைக் குறை சொல்லவும் முடியாது. அது பிறந்த ஊரில் அப்படி ஒரு வசதி கிடையாது, அதனால் அது தன் பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு அலைகிறது. ஹைக்கூவில் இப்படி வெளியூர் புரோகிராம்கள் இன்று ஏராளம். ஒவ்வொன்றும் உபயோகம்தான். ஆனால் எல்லாமே அதுவாகிவிட்டால், அடியில் இருக்கும் இந்த ஃபைல் சிஸ்டம் எதற்கு? ஜன்னல் தலையில் மஞ்சள் தாவல் போட்ட இன்னொரு லினக்ஸாகத்தான் மிஞ்சும், அதுவும் டிரைவர் குறைவான லினக்ஸாக. பிளேயரைத் தூக்கிவிட்டேன்.

சிங்கப்பூர் மாப்பிள்ளையிடம் வீடியோ காலில் காட்டியபோது அவன் கேட்டது இதுதான்: “மச்சான், பேசாம லினக்ஸ் போட்டுக் குடுக்குறத விட்டுட்டு ஏன் இம்புட்டு அக்கப்போரு? எக்ஸெல்ல ஒரு லிஸ்ட் போட்டா முடிஞ்சுபோச்சு.” லிஸ்ட் ஒரு பக்கம், ஃபைல் ஒரு பக்கம் இருந்தால் மூன்றாம் மாசம் இரண்டுக்கும் சம்பந்தம் இருக்காது என்பது என் அனுபவம். லினக்ஸிலும் ஃபைலுக்குக் கூடுதல் அட்ரிபியூட் எழுத முடியும் என்பது உண்மை. ஆனால் அதை எல்லா ஜன்னலிலும் பத்தியாகக் காட்டுவதும், ஃபைல் சிஸ்டமே அட்டவணை போடுவதும் அங்கே வழக்கமாக இல்லை. பெரிய கம்பெனிகள் முயற்சி பண்ணாமல் இல்லை. மைக்ரோசாஃப்ட் 2003-ல் வின்எஃப்எஸ் என்று ஏறக்குறைய இதே கனவை மேடையில் காட்டியது, 2006-ல் கைவிட்டது. கோடிக்கணக்கான மெஷின், பழைய புரோகிராம் ஒன்றுகூட உடையக் கூடாது என்கிற பாரம் தலையில். ஆப்பிள் பிஓஎஸ்ஸை வாங்காமல் 1996 கடைசியில் நெக்ஸ்ட் என்ற கம்பெனியை வாங்கியது. பிறகு அந்த ஜாம்பவோலோ ஆப்பிளுக்கே வேலைக்குப் போய், 2005-ல் மேக் கணினிகளுக்கான டைகர் பதிப்போடு வந்த ஸ்பாட்லைட் தேடலில் அவர் கையும் இருந்தது. சின்ன இடத்தில் முளைத்தது பெரிய இடத்துக்குப் போகிற வழி பெரும்பாலும் இப்படித்தான் இருக்கிறது. அந்தச் சின்ன இடம் பெரிய இடத்தையே பார்த்துக் காப்பி அடித்துக்கொண்டிருந்தால் அங்கே எடுத்துப்போக என்ன இருந்திருக்கும்?

எல்லாச் சின்ன சிஸ்டத்துக்கும் ஒரே புத்திமதிதான் வருகிறது. மூடும் பட்டனை வலப்பக்கம் வை, டாஸ்க் பாரைக் கீழே கொண்டுவா, அப்போதுதான் ஆள் வருவான். வரமாட்டான். விண்டோஸ் மாதிரி வேண்டும் என்கிறவனுக்கு விண்டோஸே இருக்கிறது, அவன் எதற்கு அரைகுறை நகலைத் தேடி வருகிறான்? ரிஸ்க் ஓஎஸ் என்ற இன்னொரு சின்ன சிஸ்டத்தை ராஸ்பெரி பை என்கிற குட்டிக் கணினியில் ஒரு தடவை ஓட்டிப் பார்த்தேன். மூன்று பட்டன் மவுஸில் நடுப் பட்டன் மெனுவுக்கென்றே இருக்கிறது, ஃபைலைச் சேமிக்க அதன் ஐகானை இழுத்து வேண்டிய ஃபோல்டரில் போட வேண்டும். முதல் அரை மணி நேரம் பைத்தியம் பிடித்தது. அப்புறம் பிடித்துப்போனது. நான் அதில் குடியேறவில்லை என்பது வேறு விஷயம்.

இதெல்லாம் சொல்லிவிட்டு ஹைக்கூவின் பெரிய ஓட்டையை மறைத்தால் நியாயம் இல்லை. மகன் சில ஃபைல்களுக்குத் தமிழிலேயே பெயர் வைத்திருந்தான். ‘கோவலன்’ என்ற பெயர் டிராக்கரில் எப்படித் தெரிந்தது என்றால், க முதலில் தனியாக நிற்கிறது, இரட்டைக்கொம்பும் துணைக்காலும் சேர்ந்து அதற்குப் பின்னால். ‘பெ’ என்று தொடங்கும் ஊர்களுக்கெல்லாம் கொம்பு ப-வுக்குப் பின்னால். மாமா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, “என்ன மாப்ள, கொம்பு வாலு மாதிரி பின்னாடி நிக்குது” என்றார். ஹைக்கூவின் சொந்த ஜன்னல்களை வரைகிற பகுதிக்கு எழுத்தைச் சேர்த்துக் கோக்கத் தெரியாது, வந்த வரிசையிலேயே ஒவ்வொன்றாக வைத்துவிடும். க்யூட்டி என்ற கருவித் தொகுப்பில் எழுதிய வெளியூர் புரோகிராம்களிலும் லிப்ரெஆபீஸிலும் அதே தமிழ் ஒழுங்காகத் தெரிகிறது, ஏனென்றால் அவை ஹார்ஃப்பஸ் என்கிற எழுத்துக் கோர்ப்பு நிரலைக் கூடவே கொண்டுவருகின்றன. ஆக, நான் தூக்கி எறிந்த பிளேயர்தான் கோவலனைச் சரியாக எழுதியது. இதை ஒத்துக்கொள்ள எனக்கு ஒரு நாள் ஆயிற்று.

இதைத் தனித்துவம் என்று யாராவது சொன்னால் சண்டைக்குப் போவேன். வித்தியாசமும் குறையும் வேறு வேறு. ஃபைலுக்குச் சீட்டு ஒட்டுவது வித்தியாசம். தமிழ் எழுத்து உடைவது குறை. தூங்க வைக்க முடியாமல் இருப்பதும் குறைதான், ஹைக்கூவில் லேப்டாப்பை மூடி வைத்துவிட்டு நாளைக்குத் திறந்தால் அதே இடத்தில் தொடங்கும் வசதி இன்னும் இல்லை. உலகத்தோடு பேச வேண்டிய இடங்களில், அதாவது எழுத்து, வைஃபை, பிரவுசர், ஆடியோ வீடியோ வடிவங்கள் என்று வருகிற இடங்களில் எல்லாரும் வைத்திருப்பதை எடுத்து வைத்துக்கொள்ள வெட்கப்படக் கூடாது. இதில் வேடிக்கை என்னவென்றால், இந்தப் பதிவின் தமிழ் எழுத்துகளைக் கணினி சேமித்து வைக்கிற யுடிஎஃப்-8 முறையே முதலில் ஓடியது இப்படி ஒரு சின்ன சிஸ்டத்தில்தான். 1992 செப்டம்பரில் நியூ ஜெர்ஸியில் ஒரு சாப்பாட்டுக் கடை மேஜைத் தாளில் கென் தாம்சன் அதை வரைந்தார், கூட இருந்தவர் ராப் பைக். பெல் லேப்ஸில் அவர்கள் செய்துகொண்டிருந்த பிளான் 9 சிஸ்டத்துக்குத்தான் முதலில் போட்டார்கள். பிளான் 9 பயன்படுத்துகிற ஒருவரையும் எனக்கு நேரில் தெரியாது. தமிழில் மெசேஜ் அனுப்புகிற எல்லாரையும் தெரியும்.

சரி, தமிழ் உடைகிறதே என்ன செய்வது? சீட்டுகளையெல்லாம் இங்கிலீஷ் எழுத்தில் மாற்றினேன், வாட்ஸ்அப்பில் அடிக்கிற மாதிரி. அதில் ஒரு வினை. பாலமேட்டை ஒரு இடத்தில் ஒரு ‘ஏ’ போட்டும் இன்னொரு இடத்தில் இரண்டு ‘ஏ’ போட்டும் அடித்திருக்கிறேன், தேடலில் பாதிதான் வருகிறது. ஊர்ப் பட்டியல் ஒன்றை ஒரு தாளில் எழுதி மூடியின் உள்பக்கம் ஒட்டி, இப்படித்தான் அடிக்க வேண்டும் என்று எனக்கு நானே சட்டம் போட்டுக்கொண்டேன்.

இன்னொரு பாடம், கூலி கொடுத்துக் கற்றது. ஒரு பத்து ஃபைலைப் பென் டிரைவில் போட்டு வீட்டு மெஷினுக்குக் கொண்டுபோய் வேலை பார்த்துவிட்டுத் திருப்பிக் கொண்டுவந்து பழையதின் மேலேயே எழுதினேன். சீட்டுகள் காணோம். பென் டிரைவின் ஃபேட் ஃபார்மட்டுக்கு அட்ரிபியூட் என்றால் என்னவென்று தெரியாது, வழியிலேயே உதிர்த்துவிட்டது. ஹைக்கூவிலேயே ஜிப் பண்ணி எடுத்துப்போய் ஹைக்கூவிலேயே பிரித்தால் சீட்டுகள் பத்திரமாக இருக்கின்றன. பேக்கப்பும் இப்போது அப்படித்தான் எடுக்கிறேன். வித்தியாசமாக இருப்பதற்கு ஆகிற செலவு இது, இல்லை என்று சொல்ல மாட்டேன்.

பங்குனி முதல் ஞாயிறு லேப்டாப்பை ஊருக்குக் கொண்டுபோனேன். மாமா வாழ்க்கையில் கம்ப்யூட்டர் தொட்டதில்லை, மகன்தான் போட்டுக் கொடுப்பான். அதனால் அவருக்கு மூடும் பட்டன் இடப்பக்கம் இருப்பது விசித்திரமாகவே படவில்லை. மஞ்சள் தாவலைப் பார்த்ததும் “கேசட் முதுகுல ஒட்டுற பேப்பர் மாதிரி இருக்கே” என்றார். ஹைக்கூவில் விண்டோஸ் கீயை அழுத்திக்கொண்டு ஒரு ஜன்னலின் தாவலை இழுத்து இன்னொன்றின் மேல் சேர்த்தால் இரண்டும் ஒன்றாகி, தாவல்கள் மட்டும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். பபூன் தேடல், ஆர்மோனியம் தேடல், ஊர் தேடல் மூன்றையும் அப்படி அடுக்கிக் கொடுத்தேன். சொல்லிக் கொடுக்க வேண்டியிருந்தது மவுஸ் பிடிப்பதைத்தான், மற்றதை அவரே கண்டுகொண்டார். பழகிய கைக்குத்தான் புதுசு கஷ்டம்.

நடுவில் கரண்ட் போனது. பேட்டரி செத்த லேப்டாப், நான் சீட்டு எழுதிக்கொண்டிருந்த நேரம், பட்டென்று இருட்டு. நெஞ்சு ஒரு நிமிஷம் நின்றது. அரை மணி கழித்து வந்து ஆன் பண்ணினால், பதினைந்து விநாடியில் டெஸ்க்டாப். கடைசியாகக் கை வைத்த ஃபைலில் மட்டும் இரண்டு கட்டம் காலி, மற்றதெல்லாம் அப்படியே. ஜர்னல் (எழுதப்போவதை முன்கூட்டியே குறித்து வைக்கும் பதிவேடு) வைத்த ஃபைல் சிஸ்டம் என்பதால் பாதியில் நின்ற எழுத்தைத் தானே சரி செய்துகொள்கிறது. இது இன்று எல்லாரிடமும் உள்ள வசதிதான், ஆனாலும் திண்ணையில் உட்கார்ந்து நேரில் பார்த்தபோது மாமாவைவிட நான்தான் அதிகம் சந்தோஷப்பட்டேன்.

கரண்ட் இல்லாத அந்த அரை மணியில் மாமா தன் குழாய் ஸ்பீக்கர் கதையைச் சொன்னார். பாக்ஸ் செட் வந்த காலத்தில் சுற்றுவட்டாரத்தில் எல்லாரும் குழாயை எடைக்குப் போட்டுவிட்டு பாக்ஸ் வாங்கியிருக்கிறார்கள். இவரும் பாக்ஸ் வாங்கினார், ஆனால் நாலு குழாயை விற்கவில்லை. “கலியாணத்துக்கு பாக்ஸுதான் சரி மாப்ள. ஆனா நாடகத்துக்கு வர்றவன் எல்லாம் பந்தலுக்குள்ளயா இருக்கான்? காட்டுல தண்ணி பாச்சுறவனுக்கும் பபூன் பேச்சு கேக்கணும்ல. பாக்ஸு அங்கிட்டுப் போகாது.” நாடகம் பேச வரும் ஊர்க்காரர்கள் குழாய் இருக்கிறதா என்று கேட்டே அட்வான்ஸ் கொடுத்திருக்கிறார்கள்.

கரண்ட் வந்ததும் தேடலைத் திறந்து, “யாரு வேணும், சொல்லுங்க மாமா” என்றேன். ஒரு பபூன் பெயரைச் சொன்னார். பதினோரு ஃபைல் வந்து நின்றது. கொஞ்ச நேரம் பார்த்தார். “இதுல மழை வந்து பாதியில நின்னது எது?” அப்படி ஒரு பத்தி நான் வைக்கவே இல்லை. ஃபைல் டைப்ஸைத் திறந்து பத்தாவதாகக் ‘குறிப்பு’ என்று ஒன்றைச் சேர்த்தேன். இந்தத் தடவை மறக்காமல் முதலில் அட்டவணை. “சொல்லுங்க, எழுதிக்கிறேன்.” அவர் ஒவ்வொன்றாகப் போட்டுக் கேட்டுச் சொல்லச் சொல்ல, நான் இங்கிலீஷ் எழுத்தில் அடித்துக்கொண்டே போனேன்: மழையில் நின்றது, ஜெனரேட்டர் பழுது, ஸ்திரீபார்ட் வர லேட்டாகி பபூன் ஒரு மணி நேரம் ஓட்டியது, இடையில் அத்தை குரல் கேட்கும்.

சாயந்திரம் கிளம்பும்போது 19 ஃபைலுக்குக் குறிப்பு ஏறியிருந்தது. ஹெட்ஃபோன் ஓட்டை இன்னும் ஊமையாகத்தான் இருக்கிறது, ஸ்பீக்கரில் மட்டும் வருகிறது. டிரைவர் கோளாறா, ஓட்டையின் பற்றவைப்பு விட்டதா என்று அடுத்த ஞாயிறு திறந்து பார்க்க வேண்டும். போன மூன்று ஃபைலுக்கான கேசட்டுகளை மாமா பெட்டியிலிருந்து எடுத்து வெயில் படாத இடத்தில் காய வைத்திருக்கிறார்.